நாற்பதாவது வினா

வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது வினா வேண்டும்.
கணிதம், தரம் பதினொன்று, தமிழ்மொழி மூலம்.
டுப்ளிகேஷன் வீதியில் ஐந்தாம் மாடி,
ஏசிக்கு நேர்கீழே என் கதிரை.
சால்வை போர்த்துக்கொண்டுதான் வேலை.

வடிகட்டியில் இடுகிறேன்:
அலகு, நிகழ்தகவு.
கடினம், நடுத்தரம்.
கடைசியாய்ப் பயன்பட்டது, ஆறு மாதத்துக்கு முன்.
நாலாயிரத்துச் சொச்சம் வினாக்கள்
ஒரு சொடுக்கில் உதிர்ந்து
முப்பத்தொன்பது மிஞ்சின.

ஒன்று குறைகிறது.

ஒவ்வொரு வினாவின் முதுகிலும் ஒரு சீட்டு:
யார் எழுதியது, எப்போது,
எத்தனை பேர் தொட்டார்கள், எத்தனை பேர் சரி,
சராசரியாய் எத்தனை விநாடி.
வினாவை இங்கே யாரும் வாசிப்பதில்லை,
சீட்டைத்தான் வாசிக்கிறோம்.
வினாவையே வாசிக்க நேரமிருந்தால்
இந்த மென்பொருள் எதற்கு என்கிறான் சமிந்த.
நியாயம்தான்.

'மிகக் கடினம்' என்பதையும் சேர்த்துத் தளர்த்தினேன்.
ஒன்றே ஒன்று வந்தது. 2217.
சரியான விடை நூற்றுக்கு இருபத்தொன்று
(கண்ணை மூடிக் குத்தினாலும் இருபத்தைந்து வரும்).
சராசரி நேரம் நாலு நிமிடம் பத்து விநாடி.

பூதம் ஏதும் கிடக்குமென்று திறந்தால்,
'படத்திலுள்ள பையிலிருந்து
பார்க்காமல் ஒரு மாபிள் எடுக்கப்படுகிறது.
அது சிவப்பாயிருப்பதற்கான நிகழ்தகவு யாது?'
மூன்று சிவப்பு, இரண்டு நீலம்.
இவ்வளவுதான்.
தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லிவிடலாம்.

அட்டவணையை வலப்பக்கம் இழுத்துக்கொண்டே போனேன்,
யாரும் போகாத ஓரம் வரை.
மாவட்டம்: நுவரெலியா, நுவரெலியா, முல்லைத்தீவு,
நுவரெலியா, மொனராகலை, மறுபடி நுவரெலியா.
படக்கோப்பின் அளவு: ஒன்பது மெகாபைட்.

படம் போய்ச் சேரவேயில்லை.
ஒரு வெற்றுச் சதுரம், மூலை கிழிந்த தாள்போல ஒரு குறி,
மேலே ஓடிக்கொண்டிருக்கும் நேரம்.
பார்க்காமல் எடு என்றால்
பார்க்காமலே எடுத்திருக்கிறார்கள்.

அந்த நாலு நிமிடத்தில் என்ன செய்தார்கள்?
ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
மேட்டுக்கு ஏறினார்களா?
அடுத்த வினாவுக்குப் போய்த் திரும்பி வந்தார்களா?
அதற்கு எங்களிடம் கட்டம் இல்லை.

கட்டங்கள் எனக்குப் பழக்கம்.
வெள்ளவத்தையில் அறை எடுத்த வருஷம்
பொலிஸ் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன்:
நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி,
கொழும்புக்கு வந்த காரணம், எத்தனை நாள்.
வாங்கியவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.
கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன்.
மழை. வரிசை வாசல்வரை நீண்டிருந்தது.

படத்தைச் சுருக்கினேன், நாற்பது கிலோபைட்டுக்கு.
மாபிள்கள் அப்போதும் உருண்டையாய்த்தான் இருந்தன.
பழைய எண்ணிக்கையை அழித்துத் தரக் கேட்டேன்.
'அக்கே, வரலாற்றை அழிக்க வழியில்லை' என்றான் சமிந்த,
அவல்பொரி கொறித்தபடி.

ஆகவே ஒரு பிரதி. புது எண் 4386.
தொட்டவர்கள்: பூச்சியம்.
சராசரி நேரம்: ஒரு சின்னக் கோடு.
கடினம் என்ற கட்டத்தில் சுட்டி துடித்தபடி நின்றது.
'எனக்குத் தெரியாது' என்றொரு தெரிவு இல்லை அங்கே.
நடுத்தரம் என்று போட்டேன்.
ஊகம்தான்; மற்ற முப்பத்தொன்பதுக்கும்
யாரோ ஒருநாள் ஊகித்துத்தான் போட்டிருப்பார்கள்.

மாவட்ட நிரலை மறைத்துவிடலாமென்று
கை போனது.
அது இல்லாவிட்டால்
படம் வராத கதை எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?
விட்டுவிட்டேன். ஓரத்திலேயே கிடக்கட்டும்.
சால்வையை மடித்து லாச்சியில் வைத்து
பாணந்துறை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீடு வந்தேன்.

வெள்ளி இரவு பத்து நாற்பது.
சோற்றுக் கையோடு ஃபோனைத் தட்டினேன்.
4386. தொட்டவர்: ஒருவர்.
நேரம்: ஐம்பத்திரண்டு விநாடி.
விடை: பிழை.

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
பையைப் பார்த்து, மாபிளை எண்ணி,
தானே யோசித்துப்
பிழை விட்டிருக்கிறது பிள்ளை.